பட்டாவுக்குப் போன பணம்

கொரோனா காலத்தில் விவசாயிகளுக்கான நிவாரணம் வேகமாகப் போய்ச் சேர்ந்தது. யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதில்தான் கோளாறு.

ரோஜாச் செடிக்கு ஊரடங்கு தெரியாது. 2020 ஏப்ரலில் பெங்களூரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் செடிகள் வழக்கம்போலப் பூத்துத் தள்ளின. ஹெப்பாளில் உள்ள சர்வதேச மலர் ஏல மையம் மூடிக் கிடந்தது. கோயில்கள் அடைப்பு. கல்யாணங்கள் தள்ளிப்போயின. விமானங்கள் பறக்கவில்லை. விலை போகவில்லை என்பதற்காகப் பூவைச் செடியிலேயே விட்டுவிடவும் முடியாது. நோய் பிடித்துச் செடியே வீணாகிவிடும். ஆகவே கூலி கொடுத்துப் பறித்து, கூடை கூடையாக அள்ளி, குழியில் கொட்டினார்கள். விற்காத சரக்குக்கும் செலவு செய்ய வேண்டிய தொழில் அது.

அதே வாரங்களில் பஞ்சாபில் கோதுமை அறுவடை நடந்துகொண்டிருந்தது. கொள்முதல் இரண்டு வாரம் தாமதமாக, ஏப்ரல் 15இல் தொடங்கியது. கூட்டம் சேராமல் இருக்க டோக்கன் முறை, கூடுதல் கொள்முதல் நிலையங்கள் என்று சிரமங்கள் இருந்தன. ஆனால் விலை அசையவில்லை: குவிண்டாலுக்கு ரூ. 1,925. அந்தப் பருவத்தில் மத்தியத் தொகுப்புக்காக நாடெங்கும் வாங்கப்பட்ட கோதுமை சுமார் 390 லட்சம் டன். அதுவரை காணாத அளவு. விற்றவர்கள் சுமார் 43 லட்சம் விவசாயிகள்.

பூவைக் குழியில் கொட்டியவருக்கும் கோதுமையை நல்ல விலைக்கு விற்றவருக்கும் மத்திய அரசு அனுப்பிய தொகை ஒன்றுதான்: ரூ. 2,000. அதுவும் நிலம் அவர் பெயரில் இருந்தால். பூந்தோட்டம் குத்தகை நிலத்தில் இருந்திருந்தால் அந்த இரண்டாயிரமும் இல்லை; அது நிலத்துக்காரரின் வங்கிக் கணக்குக்குப் போயிருக்கும். அவர் மண்வெட்டியைத் தொட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தாலும் சரி.

ஊரடங்கு தொடங்கிய மறுநாள், 2020 மார்ச் 26 அன்று, நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் ரூ. 1.70 லட்சம் கோடி மதிப்புள்ள ஏழைகள் நலத் திட்டத்தை அறிவித்தார். அதில் விவசாயிகளின் பங்கு, பிரதமரின் கிசான் சம்மான் நிதியிலிருந்து ஒரு தவணை. செப்டம்பருக்குள் 8.94 கோடி பேரின் கணக்குகளில் ரூ. 17,891 கோடி சேர்ந்துவிட்டதாக அரசு சொன்னது. தரகர் இல்லை, வரிசை இல்லை, தாலுகா ஆபீஸ் வாசலில் காத்திருக்கவில்லை. நாடே பூட்டிக் கிடந்தபோது இத்தனை கோடி பேருக்குப் பணம் போனது சாதாரண விஷயம் அல்ல. இதை மறுப்பவர்கள் பழைய மணியார்டர் காலத்தை நினைத்துப் பார்க்கலாம்.

ஆனால் இது புதுப் பணமா? இல்லை. வருடத்துக்கு ரூ. 6,000 வீதம் மூன்று தவணையாகத் தரும் அந்தத் திட்டம் 2019 பிப்ரவரியின் இடைக்கால பட்ஜெட்டிலேயே பிறந்தது. ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் இடையே எப்படியும் வரவேண்டிய தவணையை ஏப்ரலிலேயே கொடுத்தார்கள், அவ்வளவுதான். சம்பளத்தை முதல் தேதிக்கு முன்பே கொடுத்துவிட்டு போனஸ் என்று சொல்வதைப் போன்றது இது. இதைவிட வேடிக்கை வருடக் கணக்கில் இருக்கிறது. 2020-21 பட்ஜெட்டில் இந்தத் திட்டத்துக்கு ஒதுக்கியது ரூ. 75,000 கோடி. வருட முடிவில் உண்மையில் செலவானது ஏறத்தாழ ரூ. 61,000 கோடி. பெருந்தொற்று ஆண்டில், விவசாயிக்கு நேரடியாகப் பணம் தரும் பெரிய திட்டத்தில், போட்ட பட்ஜெட்டைவிடக் குறைவாகவே செலவு ஆகியிருக்கிறது.

2020 மே மாதம் அறிவித்த ரூ. 20 லட்சம் கோடித் திட்டத்திலும் விவசாயத்துக்குப் பங்கு இருந்தது: கிடங்கு, குளிர்பதன வசதிகளுக்காக ரூ. 1 லட்சம் கோடி நிதி, பால் கூட்டுறவுகளுக்கு வட்டிச் சலுகை, காய்கனிகளை ஏற்றிச்செல்லவும் சேமிக்கவும் பாதி மானியம். முக்கால்வாசியும் கடன் சார்ந்தவை. அழுகிப்போன தக்காளிக்குப் பதில் அடுத்த வருடக் கிடங்குக்குக் கடன் வாங்கலாம் என்பது நீண்டகால நோக்கில் நல்ல யோசனைதான்.

நஷ்டம் எங்கே நடந்தது என்று பார்த்தால் இந்தக் கணக்கின் கோணல் இன்னும் தெரியும். 2020-21இல் நாட்டின் பொருளாதாரம் சுருங்கியபோது விவசாயத் துறை மட்டும் வளர்ந்தது. மழை நன்றாகப் பெய்தது. நெல்லும் கோதுமையும் கிடங்குகளை நிறைத்தன. அடி வாங்கியவர்கள் அழுகும் பொருள் விளைவிப்பவர்கள். பூ, தக்காளி, திராட்சை, தர்பூசணி, முட்டைக்கோஸ், பால். எல்லோருக்கும் முன்னால் விழுந்தவர்கள் கோழிப் பண்ணைக்காரர்கள். ஊரடங்குக்கு ஒரு மாதம் முன்பே, கோழிக்கறியால் கொரோனா வரும் என்ற வதந்தி அவர்களைப் படுக்க வைத்துவிட்டது. பிப்ரவரி இறுதியில் ஹைதராபாத்தில் தெலங்கானா அமைச்சர்கள் மேடையேறிக் கோழிக்கறி சாப்பிட்டுக் காட்டினார்கள். விலை அசைந்துகொடுக்கவில்லை. பண்ணைக் கோழிக்குப் பட்டா கிடையாது என்பதால் கிசான் நிதிக் கணக்கில் அது வரவே இல்லை.

நஷ்டம் எந்தப் பயிரில் என்று பார்த்துப் பணம் கொடுக்க முயன்ற மாநிலம் கர்நாடகம். 2020 மே 6 அன்று முதல்வர் எடியூரப்பா ரூ. 1,610 கோடி நிவாரணத்தை அறிவித்தார். நாவிதர்கள், சலவைத் தொழிலாளர்கள், ஆட்டோ டிரைவர்களுக்குத் தலா ரூ. 5,000, பூ விவசாயிகளுக்கு ஹெக்டேருக்கு ரூ. 25,000, உச்சவரம்பு ஒரு ஹெக்டேர். மாநிலத்தில் 11,687 ஹெக்டேரில் பூ சாகுபடி இருப்பதாகக் கணக்கு. அடுத்த சில நாட்களில் காய்கறி, பழ விவசாயிகளுக்கு ஹெக்டேருக்கு ரூ. 15,000, மக்காச்சோளம் போட்டவர்களுக்குத் தலா ரூ. 5,000 என்று பட்டியல் நீண்டது. மிஞ்சிய பாலை அரசே வாங்கிக் குடிசைப் பகுதிகளில் இலவசமாகக் கொடுத்தது.

இருபத்தைந்தாயிரம் என்பது கேட்கப் பெரிதாக இருக்கும். ஏக்கருக்குப் பத்தாயிரம். பாலிஹவுஸ் போட்டு ஜெர்பரா வளர்ப்பவருக்கு முதலீடே லட்சக்கணக்கில். ஆனாலும் மத்திய அரசின் இரண்டாயிரத்தோடு ஒப்பிட்டால், நஷ்டப்பட்டவன் யார் என்று யோசித்து எழுதிய உத்தரவு இது. கிருஷ்ணகிரி மாவட்டத்து ஓசூரிலும் அதே ரோஜாதான் பூக்கிறது, அதே பெங்களூர்ச் சந்தையைத்தான் நம்பியிருக்கிறது. மாநில எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்ததால் அந்த உத்தரவு ஓசூர் தோட்டங்களுக்குப் பொருந்தவில்லை.

பயிரைப் பார்த்துக் கொடுப்பதென்றால் எந்த வயலில் என்ன பயிர் என்று தெரிய வேண்டும். கர்நாடகத்திடம் செல்போன் செயலி மூலம் எடுத்த பயிர்க் கணக்கெடுப்பு இருந்தது. அதில் பதிவானவர்கள் முதலில் பணம் பெற்றார்கள்; பதிவாகாதவர்கள் பூச்செடியைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக நடந்தார்கள். அங்கும் கடைசியில் கேட்டது ‘பஹணி’யை, அதாவது நம் ஊர்ப் பட்டா, அடங்கல் போன்ற பதிவேட்டை. 2021 மே மாதம் இரண்டாவது அலையின்போது இதே உதவி ஹெக்டேருக்கு ரூ. 10,000 ஆகச் சுருங்கியது. ரோஜாவின் நஷ்டம் குறையவில்லை, கஜானாதான் குறைந்திருந்தது.

நஷ்டத்தை அளந்து கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்கா 2020 ஏப்ரலில் விவசாயிகளுக்கு 1,600 கோடி டாலர் நேரடி உதவி அறிவித்தது. ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை விலை 5 சதவீதமாவது சரிந்த பொருட்களுக்கு, எத்தனை மாடு, எத்தனை டன் என்று எண்ணிக் கொடுத்தார்கள். ஒரு நபருக்கு உச்சவரம்பு 2,50,000 டாலர். மந்தை எவ்வளவு பெரிதோ காசோலையும் அவ்வளவு பெரிது. பெரிய பண்ணைகளுக்குப் பெரும்பணம் போனது என்று அங்கும் சண்டை நடந்தது. நம் ஊரில் எல்லாருக்கும் ஒரே தொகை என்பதில் ஒரு நியாயம் உண்டு: இரண்டு ஏக்கர்காரருக்கும் இருபது ஏக்கர்காரருக்கும் அதே இரண்டாயிரம். தெலங்கானாவின் ‘ரைத்து பந்து’வில் அந்த நியாயமும் இருக்கவில்லை. ஏக்கருக்குப் பருவத்துக்கு ரூ. 5,000 கொடுத்தார்கள், நில உச்சவரம்பு இருக்கவில்லை. 2020 ஜூனில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ரூ. 5,000 கோடிக்கு மேல் மளமளவென்று பட்டுவாடா ஆனது. பட்டாதார் பாஸ்புக் வைத்திருந்தவர்களுக்கு மட்டும். குத்தகை விவசாயி அங்கும் வெளியேதான் நின்றார்.

யார் இந்தக் குத்தகை விவசாயி? தேசிய மாதிரி ஆய்வின் 2018-19 கணக்குப்படி நாட்டின் சாகுபடிப் பண்ணைகளில் 17.3 சதவீதத்தில் குத்தகை நிலம் இருக்கிறது. 2012-13இல் இது 13.7 சதவீதமாக இருந்தது. ஆய்வாளரிடம் ஒப்புக்கொண்டவர்களின் கணக்கு இது. ஒப்புக்கொள்ளாதவர்கள் எத்தனை பேர் என்பதை ஊகிக்க நம் நிலச் சட்டங்களைப் பார்த்தால் போதும். உழுபவனுக்கே நிலம் என்ற நல்ல எண்ணத்தில் பல மாநிலங்கள் குத்தகையையே தடை செய்தன, அல்லது விதவைகள், ராணுவத்தினர், ஊனமுற்றோர் போன்ற சிலருக்கு மட்டும் அனுமதித்தன. கர்நாடகத்தில் 1974 திருத்தத்துக்குப் பிறகு குத்தகை அநேகமாகச் சட்டவிரோதம். குத்தகை நிற்கவில்லை, வாய்வார்த்தையாக மாறியது. காகிதத்தில் எழுதினால் நிலம் போய்விடும் என்று சொந்தக்காரர் பயப்படுகிறார். எழுதச் சொன்னால் அடுத்த வருடம் நிலம் கிடைக்காது என்று குத்தகைக்காரர் பயப்படுகிறார். பயிர்க்கடன், காப்பீடு, வெள்ள நிவாரணம் என்று எது வந்தாலும் இந்த இரண்டு பயங்களுக்கு நடுவில் அது சொந்தக்காரர் பக்கமே சாய்கிறது. கொரோனா நிவாரணம் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. இருந்த வாய்க்காலில் தண்ணீர் விட்டது.

தமிழ்நாடு 1969லேயே குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் போட்ட மாநிலம். காவிரிப் படுகையில் கோயில், மடத்து நிலங்களை உழுபவர்கள் பலருடைய பெயர் குத்தகைப் பதிவேட்டில் உண்டு. கிசான் நிதியின் விதிகளோ நிறுவனங்களின் பெயரில் உள்ள நிலத்தைத் தள்ளிவைத்தன. குத்தகைப் பதிவை நில உரிமையாக ஏற்கவில்லை. ஆக, அந்த வயலுக்கு இரண்டாயிரம் யார் பெயரிலும் வரவில்லை.

பெண்களின் கதையும் இதுவே. களையெடுப்பு, நாற்று நடவு, அறுவடை என்று வயல் வேலையில் பெரும் பகுதி அவர்களுடையது. 2015-16 விவசாயக் கணக்கெடுப்பில் பண்ணை நடத்துபவர்களாகப் பதிவான பெண்கள் சுமார் 14 சதவீதம்தான். இவர்களுக்கும் கீழே இன்னொரு கூட்டம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாகுபடியாளர்கள் 11.88 கோடி, விவசாயக் கூலிகள் 14.43 கோடி. விவசாயம் என்றதும் நம் கண்முன் வரும் படம் நிலம் வைத்திருப்பவருடையது. எண்ணிக்கையில் பெரிய கூட்டம் நிலமில்லாதவர்களுடையது.

தேசியக் குற்றப் பதிவு ஆவணத்தின் இரண்டு வருட எண்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 2019இல் தற்கொலை செய்துகொண்ட சாகுபடியாளர்கள் 5,957; 2020இல் 5,579. கொஞ்சம் குறைந்திருக்கிறது. அதே காலத்தில் விவசாயக் கூலிகளின் தற்கொலை 4,324இலிருந்து 5,098 ஆக ஏறியது. ஒவ்வொரு சாவுக்கும் ஆயிரம் காரணம் இருக்கும். நிவாரணம் வந்ததாலோ வராததாலோ இது நடந்தது என்று யாரும் சாதிக்க முடியாது. ஆனால் எந்தத் திசையில் பாரம் இறங்கியது என்பதை இந்த எண்கள் மறைக்கவில்லை.

கூலிகளை அரசு அடியோடு மறந்துவிட்டது என்பதும் நியாயமான பேச்சாகாது. அவர்களுக்கு வேறு கதவு திறந்தது. தேசிய ஊரக வேலைத் திட்டத்துக்குக் கூடுதலாக ரூ. 40,000 கோடி ஒதுக்கப்பட்டது. 2020-21இல் 7.55 கோடிக் குடும்பங்கள் வேலை பெற்றன. 389 கோடி மனித நாட்கள். நகரத்திலிருந்து நடந்தே ஊர் திரும்பியவர்களுக்கு மண்வெட்டியும் கூடையுமாவது கிடைத்தன. ரேஷனில் தலைக்கு ஐந்து கிலோ தானியம் இலவசமாக வந்தது. பெண்களின் ஜன்தன் கணக்குகளில் மூன்று மாதம் ஐநூறு ஐநூறாகப் போட்டார்கள். ஆனால் பாருங்கள்: நிலம் உள்ளவர் வீட்டில் உட்கார்ந்திருக்கையில் பணம் வந்தது, நிலமில்லாதவர் அதே தொகையை ஈட்டப் பத்து நாள் வெயிலில் மண் வெட்ட வேண்டும். சராசரிக் கூலி ரூ. 182இலிருந்து 202 ஆக உயர்ந்ததாக அறிவித்திருந்தார்கள். இரண்டாயிரத்தை வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

உரியவர் வெளியே நின்றபோது உரிமை இல்லாதவர்கள் உள்ளே இருந்தார்கள். தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கிடைத்த பதில் ஒன்று 2021 ஜனவரியில் வெளிவந்தது. தகுதியில்லாத 20.48 லட்சம் பேருக்குக் கிசான் நிதியிலிருந்து ரூ. 1,364 கோடி போயிருந்தது. அவர்களில் பாதிக்கு மேல் வருமான வரி கட்டுபவர்கள். வரி கட்டுபவருக்கு உதவி கிடையாது என்பது திட்டத்தின் முதல் விதிகளில் ஒன்று. அதே வருடம் ஜூலையில் விவசாய அமைச்சர் நரேந்திர சிங் தோமர் நாடாளுமன்றத்தில் தந்த கணக்கில் அந்த எண்ணிக்கை 42 லட்சத்தைத் தாண்டியது, தொகை ரூ. 2,992 கோடி. முதலிடம் அசாமுக்கு, 8.35 லட்சம் பேர். அடுத்தது தமிழ்நாடு, 7.22 லட்சம்.

தமிழ்நாட்டின் பெயர் அந்தப் பட்டியலில் இவ்வளவு மேலே ஏறியதற்குக் காரணம் 2020 கோடைகால மோசடி. விவசாயிகள் தாங்களே விண்ணப்பிக்கலாம் என்று விதி தளர்ந்திருந்தது. வேளாண் துறை அலுவலர்களின் ரகசியக் குறியீட்டுச் சொற்கள் ஒப்பந்த ஊழியர்கள், கம்ப்யூட்டர் சென்டர்கள், தரகர்கள் கைக்குப் போயின. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என்று தொடங்கிப் பதின்மூன்று மாவட்டங்களில் சுமார் ஐந்தரை லட்சம் போலிப் பெயர்கள். ரூ. 110 கோடி. செப்டம்பரில் அரசே இதை ஒப்புக்கொண்டு, ஊழியர்களை நீக்கி, சி.பி.சி.ஐ.டி. விசாரணைக்கு உத்தரவிட்டது.

இந்த மோசடியில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ‘கொரோனா பணம் வருகிறது’ என்று சொல்லியே பல கிராமங்களில் ஆதார், பாஸ்புக் நகல்கள் வாங்கப்பட்டதாக அப்போது செய்திகள் வந்தன. கொடுத்தவர்களில் ஏராளமானோர் ஒரு சென்ட் நிலம் இல்லாதவர்கள். ஊரடங்கில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு, அரசு உதவி செய்கிறது என்பது நம்பக்கூடிய சேதியாகவே இருந்தது. தரகர் கமிஷன் எடுத்துக்கொண்டது போக மிச்சம் அவர்கள் கைக்கு வந்தது. பிறகு கலெக்டர் உத்தரவில் கணக்குகள் முடக்கப்பட்டு, இருந்த பணம் திரும்ப எடுக்கப்பட்டது. சட்டப்படி சரிதான். நாடு முழுவதும் தகுதியற்றவர்களிடமிருந்து மீட்ட தொகை 2025 வரை ரூ. 416 கோடி என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. வரி கட்டும் கனவான்களிடம் எவ்வளவு, கூலிக்காரர்களிடம் எவ்வளவு என்று பிரித்துச் சொன்னால் சுவாரஸ்யமாக இருக்கும்.

நிலப் பத்திரத்தைத் தவிர வேறு வழியே இல்லையா? இருக்கிறது; கிசான் நிதியிலேயே இருக்கிறது. மணிப்பூர், நாகாலாந்தில் நிலம் சமூகத்துக்குச் சொந்தம், தனிப்பட்டா கிடையாது. அங்கே கிராம அமைப்புகளின் சான்றிதழ் போதும் என்று விதியை வளைத்தார்கள். ஜார்க்கண்டில் நிலம் இன்னும் பாட்டன், முப்பாட்டன் பெயரில் இருப்பதால், வம்சாவளிப் பட்டியலை கிராம சபை சரிபார்த்தால் போதும் என்றார்கள். கிராம சபைக்கு வம்சம் தெரியும் என்றால், யார் வயலை யார் உழுகிறார் என்பதும் தெரியாமலா இருக்கும்?

ஒடிசா இதைவிட ஒரு படி முன்னே போனது. 2018 டிசம்பரில் நவீன் பட்நாயக் அறிவித்த ‘காலியா’ திட்டத்தில் பங்கு சாகுபடி செய்பவர்களுக்கும் இடம் இருந்தது; நிலமற்ற குடும்பங்களுக்கு ஆடு, கோழி, காளான் வளர்க்க ரூ. 12,500 தனி. 2021இல், இரண்டாவது அலையின்போது, நிலமற்ற சுமார் 18 லட்சம் குடும்பங்களுக்குத் தலா ரூ. 1,000 கொரோனா உதவி அந்தப் பட்டியலை வைத்தே அனுப்பப்பட்டது. தொகை சின்னது. ஆனால் பட்டியல் கையில் இருந்தது. கையில் பட்டியல் இல்லாத மாநிலங்கள் அந்த ஆயிரத்தை நினைத்திருந்தாலும் அனுப்பியிருக்க முடியாது.

ஆந்திராவின் அனுபவம் வேறு மாதிரி. 2011இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. நிலத்துக்காரரின் சம்மதம் இல்லாமலே குத்தகைக்காரருக்குக் கடன் தகுதி அட்டை கொடுக்கலாம். 2019இல் ஜெகன்மோகன் ரெட்டி அரசு அதை மாற்றிப் புதுச் சட்டம் போட்டது. பதினொரு மாதத்துக்குச் செல்லும் சாகுபடி அட்டை. ஆனால் சொந்தக்காரரின் கையெழுத்து வேண்டும். அட்டை இருந்தால் ‘ரைத்து பரோசா’வில் வருடத்துக்கு ரூ. 13,500 கிடைத்தது. அதுவும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் ஆகிய குத்தகைக்காரர்களுக்கு மட்டும். 2020 மே 15 அன்று, ஊரடங்கின் நடுவில், அந்த வருடத்துப் பட்டுவாடா நடந்தபோது நிலத்துக்காரர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு வங்கிக் கணக்கு. குத்தகைக்காரருக்குத் தேவைப்பட்டது இன்னொருவரின் கையெழுத்து.

பெருந்தொற்றின் நெருக்கடியில் பட்டியலைத் திருத்திக்கொண்டிருக்க நேரமில்லை என்ற வாதத்தை ஏற்கலாம். 2020 ஏப்ரலில் எந்த அதிகாரியும் வயல் வயலாகப் போயிருக்க முடியாது. அதற்குப் பிறகு ஐந்து வருடங்கள் கிடைத்தன. அந்த வருடங்களில் நடந்த திருத்தம் பெரும்பாலும் பெயர்களை நீக்கும் திருத்தம். ஆதார் சரிபார்ப்பும் நில ஆவண இணைப்பும் கட்டாயமானதும், 2022இல் 10 கோடிக்கு மேல் இருந்த பயனாளிகள் அடுத்த வருடத்தில் சுமார் 8 கோடியாகக் குறைந்தார்கள். பிறகு சேர்ப்பு முகாம்கள் நடத்தி எண்ணிக்கையை மீண்டும் ஏற்றினார்கள். இடையில் தெலங்கானா 2025 ஜனவரி 26 அன்று நிலமற்ற கூலிக் குடும்பங்களுக்கு வருடம் ரூ. 12,000 தரும் திட்டத்தைத் தொடங்கியது.

இப்போது விவசாயி அடையாள எண் வருகிறது. ஆதாரைப் போல ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு எண். நிலப் பதிவேட்டோடு இணைந்தது. வருங்காலத்தில் எந்த உதவியும் இதை வைத்தே போகும் என்கிறார்கள். குத்தகைக்காரர்களை இதில் சேர்ப்பதா என்பதை அந்தந்த மாநிலமே முடிவு செய்துகொள்ளலாம் என்பது மத்திய அரசின் நிலை. 2025 நவம்பர் 19 அன்று கோவையில் பிரதமர் கிசான் நிதியின் 21வது தவணையை விடுவித்தார். சுமார் 9 கோடி பேருக்கு ரூ. 18,000 கோடி. தவணை அதே இரண்டாயிரம்தான், 2019இல் இருந்த மாதிரி.